சிரங்குக்குச் சொன்ன வைத்தியம்

அந்தப் பெரிய வாத்தியாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. "போனவரைப் பத்தி இப்ப எதுக்கும்மா?" என்று என் மகள் கேட்கிறாள். அவர் போய்விட்டார், சரி. அவர் செய்தது எங்கே போயிற்று?

திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். டிரெயினிங் முடித்த கையோடு அங்கே இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அப்போது எனக்கு இருபத்தொரு வயது. பள்ளிக்கூடம் என்றால் இரண்டு அறை, ஒரு வேப்பமரம். வாத்தியார்கள் இரண்டே பேர். மூன்று, நாலு, ஐந்தாம் வகுப்புகளுக்குப் பெரிய வாத்தியார். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே ஒரு சின்ன அறையில் தங்கிக்கொண்டேன். பாலவனத்தம் பக்கத்தில் இருந்த என் அப்பா மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. ஊருணியில் பச்சையாக ஒரு சேறு மட்டும் கிடந்தது. சண்டையினால் துணிக்குத் தட்டுப்பாடு. கடையில் விடிகாலையிலிருந்து வரிசையில் நின்றாலும் ஆளுக்கு இத்தனை கெஜம் என்று அளந்துதான் கிழிப்பார்கள். சோப்பு என்பதைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். பிள்ளைகள் உடுத்திய துணியையே உடுத்தி, அதிலேயே படுத்து, அதோடேயே எழுந்து வந்தார்கள். சிரங்கு வராமல் என்ன செய்யும்? முதலில் விரல் இடுக்கில் அரிசி அரிசியாகக் கிளம்பும். பிறகு மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, தொடை என்று ஏறும். பிள்ளைகள் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிவிடுவார்கள். சீழ் வைக்கும். பலகையைப் பிடிக்கக்கூட முடியாமல் விரல்களை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காததால் பாடம் நடத்தும்போது தலை சாய்ந்துவிடும்.

இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று கடிதம் வந்தது. மறுநாள் பெரிய வாத்தியார் எல்லாப் பிள்ளைகளையும் வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்கவைத்து, "கையை நீட்டு" என்றார். நீட்டினார்கள். அவர் கையால் தொடவில்லை. ரூல் தடியின் நுனியால் ஒவ்வொரு கையையும் புரட்டிப் பார்த்தார். சிரங்கு இருந்தால் அதே தடியால் தோளில் ஒரு தட்டு. தட்டு வாங்கியவர்கள் தனியாகப் போய் நிற்க வேண்டும்.

பதினோரு பேர் தனியாக நின்றார்கள். பத்துப் பேர் கிழக்குத் தெரு. ஒருத்தன் மட்டும் ஊருக்குள் இருந்து வந்த தச்சர் வீட்டுப் பையன்.

"ஆறினதுக்கப்புறம் வந்தாப் போதும். அது வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார்.

அந்தப் பதினோரு பேரில் என் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இருந்தாள். எட்டு வயது. வாய் ஓயாமல் பேசுவாள். கணக்குப் போட்டால் மற்றவர்கள் பலகையைத் துடைப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள். அவள் அழவில்லை. "டீச்சர், நாளைக்கு ஆறிப்போச்சுன்னா நாளைக்கே வரலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இதில் நான் மறைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. பெரிய வாத்தியாரின் மகளும் என் வகுப்புதான். மணிக்கட்டு வரை கை மூடுகிற மாதிரி சட்டை போட்டிருப்பாள். முந்தின வாரம் அவள் எழுதும்போது சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்டது போலச் சிரங்கு. நான் பார்த்தேன். அன்றைக்கு வரிசையில் அவளும்தான் நின்றாள். ரூல் தடி அவளைத் தாண்டிப் போனது. நான் வாயைத் திறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாளே அந்தச் சிறுமியின் அம்மா வந்தாள். வாசலுக்கு வெளியே நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. பருத்திக் காட்டில் கூலி வேலை. புருஷன் தோட்டத்து வேலைக்கு என்று கடல் தாண்டிப் போனவன், சண்டை வந்தபிறகு கடிதமே இல்லை.

"டீச்சரம்மா, என்ன தேச்சா வெரசா ஆறும்? பள்ளிக்கூடம் போகணும்னு அந்தக் கழுத நச்சரிக்கி."

நான் படித்தவள் அல்லவா? யோசிக்காமல் சொன்னேன். "வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசும்மா. தெனம் நல்லாத் தேச்சுக் குளிப்பாட்டு. துணியைத் தெனம் தொவைச்சுப் போடு."

அவள் தலையை ஆட்டினாள். "தண்ணி" என்று மட்டும் சொன்னாள். பிறகு அதையும் மேலே சொல்லாமல் போய்விட்டாள்.

கிழக்குத் தெருக்காரர்களுக்கு ஊர்க் கிணற்றில் இறைக்க உரிமை கிடையாது. கிணற்றடியில் தள்ளி நிற்க வேண்டும். ஊர்ப் பெண்கள் யாராவது மனசு வைத்து ஊற்றினால்தான் குடம் நிறையும். கோடையில் யாருக்கும் மனசு வராது. இது எனக்குத் தெரியாதா? தினமும் அதே கிணற்றில் நான்தானே இறைத்தேன். தள்ளி நிற்கிற பெண்களைத் தினமும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவள்தான் "தெனம் குளிப்பாட்டு" என்று சொன்னேன்.

அவள் நான் சொன்னபடி வேப்பிலையும் மஞ்சளும் பூசினாள். அரிப்பு கொஞ்சம் மட்டுப்பட்டது. சிரங்கு போகவில்லை. தெருவில் யாரோ சொன்னார்கள் என்று குப்பைமேனி இலையையும் உப்பையும் சேர்த்துக் கசக்கித் தேய்த்தாள். ஆறாத புண்ணில் உப்பு பட்டு அந்தப் பிள்ளை அலறியது மூன்று வீடு தாண்டிக் கேட்டதாம். பூவரசங்காயை உடைத்து அதன் பாலைத் தடவினாள். புங்க எண்ணெய் தடவினாள். கொஞ்சம் ஆறும், மறுபடியும் கிளம்பும். எப்படி ஆறும்? அவளுக்கு இன்னும் இரண்டு சின்னப் பெண்கள். மூன்றும் ஒரே கோணிச் சாக்கில்தான் படுக்கும். மூத்தவளுக்கு மட்டும் மருந்து. மற்ற இரண்டுக்கும் பள்ளிக்கூடம் போகிற வயசில்லை என்பதால் அவர்களுடைய சிரங்கு யார் கண்ணுக்கும் படவில்லை.

பன்னிரண்டு பதின்மூன்று நாள் கழித்து அவள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பெரிய வாத்தியார் வாசலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஐயா, பாதி ஆறியிருக்குங்க. ஒக்காந்துக்கிடட்டுமே, ஓரமா."

அவர் எட்டிப் பார்த்தார். "எங்க ஆறியிருக்கு? இப்பிடியே கொண்டாந்தா எல்லாத்துக்கும் ஒட்டும்."

"எல்லா மருந்தும் போட்டுப் பாத்துட்டேங்க. வேற என்ன போட?"

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "புகையிலையைக் கொதிக்கவச்சு ஊத்து. மாட்டுக்கு உண்ணி விழுற மாதிரி எல்லாம் உதிந்துரும்."

அவர் சிரித்ததை நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. அவள் தலை குனிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெரிய வாத்தியார் சொல்கிறார் என்றால் அது புத்தகத்தில் இருப்பது என்று அவளுக்கு நினைப்பு. "சரிங்கய்யா" என்று கும்பிட்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே ஓடிப்போய், அப்படிச் செய்துவிடாதே என்று சொல்லியிருக்கலாம். மணியடித்துவிட்டது. வகுப்புக்குள் போய்விட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கிழக்குத் தெருவிலிருந்து ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "டீச்சரம்மா, வாங்க, பிள்ளைக்கு என்னமோ பண்ணுது." நான் பலகையை மேசையில் போட்டுவிட்டு எழுந்தேன். பெரிய வாத்தியார் அடுத்த அறையிலிருந்து, "டீச்சர், வகுப்பு நேரம்" என்றார். பதில் சொல்லாமல் ஓடினேன்.

பிள்ளை குடிசை வாசலில் ஒரு பக்கமாகக் கிடந்தாள். முகம் வெளுத்து, உதடு நீலம் பாரித்து, வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. நெற்றியெல்லாம் குளிர்ந்த வேர்வை. இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. உடம்பெல்லாம் காவிக் கலரில் புகையிலைக் கஷாயம் காய்ந்துபோயிருந்தது. புண் திறந்திருந்த இடமெல்லாம் அது ஊறி உள்ளே இறங்கியிருக்கிறது. அம்மாக்காரி தலையில் அடித்துக்கொண்டு, "பெரிய வாத்தியாரு சொன்னாகளே, அவுக சொன்னபடிதானே செஞ்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைக் கழுவ வேண்டும். "தண்ணி கொண்டாங்க" என்றேன். பானையில் அரைச் செம்புதான் இருந்தது. பக்கத்து வீட்டில் அதுவும் இல்லை.

குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்க் கிணற்றுக்கு நானே ஓடினேன். இறைத்தேன், கொண்டுவந்து ஊற்றினேன். மறுபடியும் ஓடினேன். மூன்றாவது நடையில் கிணற்றடியில் ஒரு அம்மாள் குறுக்கே நின்றாள். தினமும் எனக்கு மோர் கொடுத்தனுப்புகிற அம்மாள். நல்லவள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"அந்தக் கொடம் கெழக்குத் தெருவுக்குப் போயிட்டு வருதுல்ல? அது இந்தக் கெணத்துல எறங்கக் கூடாது டீச்சரம்மா."

"ஒரு பிள்ளை சாகக் கெடக்கும்மா."

"அதுக்கு நாங்க என்ன செய்ய? மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

நான் அவளைக் கையால் தள்ளிவிட்டுக் குடத்தைக் கிணற்றுக்குள் இறக்கினேன். பெரியவர்களை அதற்கு முன்னால் நான் எதிர்த்துப் பேசியதுகூடக் கிடையாது. அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. அன்றோடு மோர் நின்றது. அந்த ஊரில் எனக்குப் பல விஷயங்கள் அன்றோடு நின்றன.

ஆறு குடம் ஊற்றிக் கழுவினோம். மளிகைக்கடை ராவுத்தர் சாமான் எடுக்கத் திருச்சுழிக்கு வண்டி பூட்டிக்கொண்டிருந்தார். நான் போய்க் கேட்பதற்குள், "ஏத்துங்க டீச்சரம்மா, பேசிக்கிட்டு நிக்காதீக" என்று சாக்கை எடுத்து வண்டியில் விரித்தார். பிள்ளையை என் மடியில் போட்டுக்கொண்டேன். அம்மாக்காரி வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்தாள். ஏறச் சொன்னாலும் ஏறவில்லை. பாதி வழி வந்தபிறகு ராவுத்தர் வண்டியை நிறுத்தி, "ஏறு தாயி" என்று அதட்டியபிறகுதான் ஏறினாள்.

திருச்சுழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் பார்த்தார், ஏதோ கொடுத்தார், ஊசி போட்டார். "சீக்கிரம் கழுவினதால பொழைச்சா" என்றார். இரண்டு நாள் அங்கேயே இருந்தோம். இரண்டாம் நாள் பிள்ளை கண்ணைத் திறந்து தண்ணி கேட்டாள். பிறகு பசிக்கிறது என்றாள். அவள் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முதல்முறையாக அழுதாள்.

அங்கிருந்த நர்ஸம்மாவிடம் நான் கேட்டேன், இதற்கு உண்மையான மருந்துதான் என்ன என்று. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் அன்றைக்கு உட்கார்ந்து சொன்னார்.

"இது பூச்சி டீச்சர். கண்ணுக்குத் தெரியாது. தோலுக்குள்ள வளை தோண்டி முட்டை வைக்கும். வேப்பிலை போட்டா தப்பில்ல, அரிப்பை அடக்கும், சீழைக் குறைக்கும். ஆனா ஒரு பிள்ளைக்கு மட்டும் போட்டா எந்த மருந்தும் நிக்காது. வீட்ல எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் ஒரே நாள்ல போடணும். அரிக்கிறவங்களுக்கும் போடணும், அரிக்காதவங்களுக்கும் போடணும்."

"என்ன போடணும்?"

"கந்தகம். மாவா இடிச்சுச் சலிச்சு, எண்ணெய்ல குழைச்சுக்கோங்க. ஒரு பங்கு கந்தகத்துக்கு ஒம்பது பங்கு எண்ணெய். கைக்குழந்தைக்குக் கந்தகம் அதுல பாதிதான். கூடப் போட்டா தோல் வெந்துரும். கழுத்துலருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரு இடம் விடாம மூணு நாள் பூசணும். நடுவுல குளிக்கக் கூடாது. நாலாம் நாள் குளிச்சு, துணிமணி அத்தனையும் கொதிக்கிற தண்ணில போட்டு எடுக்கணும். அதுக்கப்புறமும் ரெண்டு வாரம் அரிக்கும். அரிக்குதேன்னு மறுபடி மறுபடி பூசிராதீங்க."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "புதுசா ஒரு வெள்ளை மருந்து வந்திருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள்ல வேலை முடிஞ்சிரும். பட்டாளத்துக்குத்தான் வருது. நமக்கெல்லாம் அனுப்ப மாட்டாங்க."

சிப்பாய்க்கு அரித்தால் கப்பலேறி மருந்து வருகிறது. பிள்ளைக்கு அரித்தால் மாட்டு வைத்தியம்.

ஊருக்குத் திரும்பியதும் நேராகப் பெரிய வாத்தியாரிடம் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"பிள்ளை பொழைச்சிருச்சு" என்றேன்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார்.

"நீங்க சொன்னதாலதான் அவ அப்பிடிச் செஞ்சா."

"நான் விளையாட்டுக்குச் சொன்னேன். மாட்டுக்குச் செய்றதுன்னு தெளிவாத்தானே சொன்னேன்? கேக்குறவளுக்குப் புத்தி வேண்டாமா?"

"அவ புத்தி கேட்டு வந்தது உங்ககிட்டதானே? ஊர்ல வேற யாருகிட்டக் கேக்கணும்?"

"டீச்சர், நீங்க ரெண்டு நாள் லீவு சொல்லாமப் போயிருக்கீங்க. கெணத்தடியில கலாட்டா பண்ணியிருக்கீங்க. ஊர்ப் பெரியவங்க வந்து புகார் சொல்லிட்டுப் போனாங்க. எல்லாத்தையும் நான் மேல எழுதாம வச்சிருக்கேன். உங்க வகுப்பைப் பாருங்க."

பேசும்போதே அவர் கை மேசைக்கடியில் இடுப்பைச் சொறிந்துகொண்டிருந்தது. அவர் அறிந்து சொறிந்தாரோ அறியாமல் சொறிந்தாரோ. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராவுத்தரிடம் சொல்லி அருப்புக்கோட்டை நாட்டு மருந்துக் கடையிலிருந்து கந்தகம் வாங்கிவரச் செய்தேன். கிழக்குத் தெருவில் யார் வீட்டிலும் புங்க எண்ணெய் இருக்கும். பெண்கள் அம்மியில் கந்தகத்தை அரைத்தார்கள், பழைய துணியில் சலித்தார்கள். அளவை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன். தெருவில் பதினெட்டு வீடு. ஒரே நாளில் எல்லோருக்கும் பூச வேண்டும் என்று சொன்னபோது ஆண்கள் சிரித்தார்கள். "எங்களுக்கு எதுக்கு டீச்சரம்மா, எங்களுக்கா அரிக்கி?" என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்த அம்மாதான் எழுந்து நின்றாள். "எம்பிள்ள மாதிரி ஒங்க பிள்ளயும் கெடக்கணுமா? சட்டையக் கழட்டுங்கலே" என்று ஒரு சத்தம் போட்டாள். கழற்றினார்கள்.

மூன்று நாள் அந்தத் தெரு முழுக்கக் கந்தக நாற்றம். காட்டு வேலைக்குப் போன இடத்தில் எல்லோரையும் தள்ளி நிறுத்தினார்களாம். ஏற்கெனவே தள்ளி நிறுத்தியவர்கள் இன்னும் எவ்வளவு தூரம் தள்ளுவார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

நாலாம் நாள் தண்ணீருக்கு ராவுத்தர் தன் தோட்டத்துக் கிணற்றைத் திறந்துவிட்டார். கமலையில் மாட்டைக் கட்டி அவரே இறைத்துக்கொடுத்தார். பெரிய அண்டாவில் துணிகளைக் கொதிக்கவைத்தோம். எனக்குத் தோன்றாத ஒன்று அங்கேதான் தெரிந்தது. பாதிப் பெண்களுக்கு மாற்றுச் சேலை இல்லை. உடுத்தியிருப்பதைக் கொதிக்கப் போட்டால் எதைக் கட்டிக்கொள்வது? கதவைச் சாத்திக்கொண்டு, கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு குடிசைக்குள் உட்கார்ந்தார்கள். வெயில் ஏற ஏற உள்ளே அனல். துணி காயும் வரை ஒருத்தியும் வெளியே வர முடியாது. உள்ளேயிருந்து ஒருத்தி, "டீச்சரம்மா, காஞ்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். என்னிடம் நாலு சேலை இருந்தது. இரண்டைக் கொடுத்தேன். அதைப் பெரிதாகச் சொல்லவரவில்லை. இரண்டு சேலையால் எதை மூட முடியும்? "துணியைத் தெனம் தொவைச்சுப் போடு" என்று நான் சொன்ன அன்றைக்கு அவள் ஏன் என்னைத் திட்டவில்லை என்றுதான் யோசித்தேன்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம், பெரிய வாத்தியாரின் மனைவி என் அறையின் பின்வாசலுக்கு வந்தாள். முந்தானைக்குள் ஒரு பித்தளைக் கிண்ணம்.

"அந்தக் களிம்புல எங்களுக்கும் கொஞ்சம் குடுங்க டீச்சர். பாப்பாவுக்கு ரொம்ப இருக்கு. எனக்கும் இருக்கு. அவுகளுக்குத் தெரிய வேண்டாம்."

கிண்ணத்தை வாங்கித் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? நிறையக் குழைத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது சொன்னேன்: "அவுகளுக்குத் தெரியாமப் பூச முடியாதும்மா. அவுகளுக்கும் சேர்த்துத்தான் பூசணும். இல்லைன்னா போகாது."

அவள் என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டிவிட்டுப் போனாள். அவர் பூசிக்கொண்டிருக்க வேண்டும். அடுத்த சில நாள் அவர் அறையைத் தாண்டும்போதெல்லாம் கந்தகம் நாறியது. வெற்றிலைக்கு மேல் நாறியது. இன்ஸ்பெக்டர் வந்தார், பார்த்தார், சுத்தமான பள்ளி என்று எழுதிவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து எனக்கும் விரல் இடுக்கில் கிளம்பியது. வண்டியில் பிள்ளையை மடியில் போட்டிருந்தபோது ஒட்டியதாக இருக்கும். நானும் பூசிக்கொண்டேன். அந்த அரிப்பு எப்படிப்பட்டது என்று எனக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. இருட்டினால் தோலைப் பிய்த்து எறிந்துவிடலாம் போல இருக்கும். அந்தச் சிறு பிள்ளைகள் அதோடு வந்து எப்படி உட்கார்ந்து கூட்டல் கணக்குப் போட்டார்கள்?

வெளியே அனுப்பப்பட்ட பதினோரு பேரில் ஒன்பது பேர் திரும்பிவந்தார்கள். ஒரு பையன் ஆடு மேய்க்கப் போய்விட்டான். அந்தச் சிறுமி வரவில்லை. சிரங்கு சுத்தமாக ஆறிவிட்டது, உடம்பும் தேறிவிட்டது, ஆனால் வரவில்லை. நான் காட்டுக்கே போனேன். பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் பக்கத்திலேயே பிள்ளையும் மடியைக் கட்டிக்கொண்டு எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் போய் நின்றாள். வாய் ஓயாத பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏம்மா அனுப்பல?"

"கண்ணுக்கு மறைவா அவள விட முடியல டீச்சரம்மா. நெஞ்சு அடிச்சுக்கிடுது."

"அவரு சொன்னதுதான் தப்பு. உன்மேல தப்பு இல்ல."

"ஊத்துனது எங்கைதானே."

எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தும் அவள் அதையேதான் சொன்னாள். சொன்னவன் வெற்றிலை மென்றுகொண்டு நாற்காலியில் இருக்கிறான், இவள் தன் கையைப் பார்த்துப் பார்த்துச் சாகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வேகத்தில் சொல்லிவிட்டேன்.

"பெரிய வாத்தியார் மகளுக்கும் அன்னைக்கே சிரங்கு இருந்துச்சு. அவளை மட்டும் வெளிய அனுப்பல."

அவள் பருத்தி எடுப்பதை நிறுத்தினாள். "ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்பிடியா" என்றாள். பிள்ளையின் தோளைப் பிடித்து அடுத்த வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அதன்பிறகு தெருவில் என்னைப் பார்த்தால் கும்பிடுவாள். பேச மாட்டாள்.

நடந்ததையெல்லாம் மிஷன் மேனேஜருக்கு எழுதினேன். என் பெயரையும் விடவில்லை, எனக்குத் தெரிந்திருந்ததையும் எழுதினேன். பொறுமையும் சமாதானமும் வேண்டும் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கூடவே காரியாபட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் உத்தரவு. பெரிய வாத்தியார் அங்கேயே இருந்து, வயசாகி, மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றார்.

புதுப் பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியார் ஒரு அம்மாள். அடுத்த குளிர்காலத்தில் அங்கேயும் சிரங்கு வந்தது. அவரும் பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொன்னார். முடியாது என்றேன். வீட்டுக்கு வீடு போய்ப் பூசிவிடலாம், அதுவரை என் வகுப்பிலேயே இருக்கட்டும் என்றேன். அவர் சத்தம் போட்டார், நானும் போட்டேன். கடைசியில், "என்னவோ செஞ்சுக்கோங்க, ஒட்டுச்சுன்னா நீங்கதான் பொறுப்பு" என்றார். ஒட்டத்தான் செய்தது, இரண்டு பேருக்கு. அவர்கள் வீட்டுக்கும் போய்ப் பூசினேன். ஒரு அப்பன் களிம்பைத் தெருவில் கொட்டினான். மறுநாளும் போனேன். மூன்று வருஷம் அந்த அம்மாளோடு இதே சண்டைதான். சில தடவை நான் ஜெயித்தேன். சில தடவை நான் ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள். திரும்பிவந்து ஒவ்வொரு வீடாகப் போய்க் கூட்டிவருவேன். எல்லாப் பிள்ளைகளும் வந்துவிடவில்லை.